கண் சிமிட்ட நான்கு லேயர் போதும்

அசையும் படம் என்றாலே விலையுயர்ந்த மென்பொருள் வேண்டும், நூறு படமாவது வரைய வேண்டும் என்று நினைத்துத் தொடங்காமலே விட்டுவிடுபவர்கள் பலர். ஒரு பொம்மை முகம் கண் சிமிட்டும் ஜிஃப் படத்துக்கு நான்கு லேயர் போதும். மென்பொருளுக்கும் காசு வேண்டாம். ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-இல் பெர்க்லியில் படிக்கும்போது எழுதத் தொடங்கிய கிம்ப் இன்றும் இலவசம்தான். வரைவதற்கு ஒதுக்கும் கவனத்தில் பாதியை, எந்தப் படம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு ஒதுக்கினால் போதும்.

லேயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் படத்தில் எல்லாத் தாளும் சேர்ந்து தெரியும். ஜிஃபாக எக்ஸ்போர்ட் செய்யும்போது அனிமேஷன் என்பதை டிக் செய்தால், அதே தாள்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக வரும். அடியில் இருப்பதுதான் முதல் ஃபிரேம். புதியவர்கள் மேலிருந்து எண்ணிவிட்டு, படம் ஏன் பின்னோக்கி ஓடுகிறது என்று விழிப்பது இங்கேதான்.

நம் முகத்துக்கு வருவோம். அடி லேயரில் கண் திறந்த முழு முகம். அதன்மேல் பாதி மூடிய கண், அடுத்து முழுதும் மூடிய கண், உச்சியில் மறுபடி பாதி மூடிய கண். கடைசியானது இரண்டாவதன் நகல்தான், புதிதாக வரைய வேண்டாம். நான்குக்கும் சமமாக 100 மில்லி நொடி கொடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். முகம் ஓயாமல் படபடவென்று இமைத்துக்கொண்டிருக்கும், எரிச்சல்தான் வரும். மனிதர் கண் சில நொடிகள் திறந்தே இருந்து, சட்டென்று மூடி, மூடியதைவிடச் சற்று நிதானமாகத் திறக்கும். ஆகவே திறந்த கண்ணுக்கு 2500, பாதிக்கு 50, மூடியதற்கு 100, திரும்பவும் பாதிக்கு 80 என்று கொடுங்கள். ஒரு கோடுகூட மாற்றாமலே முகத்துக்கு உயிர் வந்துவிடும்.

இந்த நேரத்தை எழுதும் இடம் லேயரின் பெயர். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எண்ணையும், இடைவெளி விடாமல் எம், எஸ் என்ற ஆங்கிலச் சிறிய எழுத்துகளையும் அடித்தால் கிம்ப் புரிந்துகொள்ளும். எழுதாத லேயருக்கு, எக்ஸ்போர்ட் பெட்டியில் உள்ள பொதுவான நேரம் பொருந்தும். ஜிஃப் கோப்பு நேரத்தை நொடியின் நூறில் ஒரு பங்காகத்தான் எண்ணும் என்பதால் 10, 20, 30 என்றுதான் போக முடியும். அதிவேகம் வேண்டுமென்று 10 கொடுத்தால் பிரௌசர்கள் பொதுவாக அதை 100 ஆக எடுத்துக்கொள்ளும்; வேகம் கேட்டவருக்கு மந்தம் கிடைக்கும்.

அதிகம் குழப்புவது இன்னொன்று. அடுத்த ஃபிரேம் வரும்போது முந்தையதை அழிக்க வேண்டுமா, அதன்மேலேயே வைக்க வேண்டுமா? கிம்பில் முதலாவதன் பெயர் ரீப்ளேஸ், இரண்டாவது கம்பைன். மேல் லேயர்களில் இமையை மட்டும் வரைந்துவிட்டு ரீப்ளேஸ் கொடுத்தால் முகம் காணாமல் போய், அந்தரத்தில் இரண்டு இமை மட்டும் மிதக்கும். கம்பைன் கொடுத்தால் முகம் அப்படியே இருக்கும், கோப்பும் சிறியதாகும். ஆனால் அதிலும் ஒரு வம்பு உண்டு. நான்காவது லேயரில் மேல் இமை மட்டும் இருந்தால், அதன் கீழே மூன்றாவதன் மூடிய இமை எட்டிப்பார்க்கும். அந்த ஃபிரேமில் கண் பாதி திறந்ததாகவே தெரியாது. அதனால் ஒவ்வொரு மேல் லேயரிலும் கண் இருக்கும் பகுதி முழுவதும், விழியும் சுற்றியுள்ள தோல் நிறமும் சேர்த்து, ஒட்டுத்துணி போல் இருந்தாக வேண்டும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட வடிவம் ஜிஃப்; ஒரு ஃபிரேமுக்கு 256 நிறங்களுக்கு மேல் தாங்காது. அந்தி வானத்தைப் புகைப்படமாக எடுத்துப் போட்டால் பட்டை பட்டையாகத் தெரியும். பட்டையை மறைக்கப் புள்ளி தூவும் டிதரிங் இருக்கிறது. ஆனால் ஒரே நிற வரிசை திரும்பத் திரும்ப வருவதை வைத்துத்தான் ஜிஃப் கோப்பைச் சுருக்குகிறது. புள்ளி தூவினால் அது முடியாமல் கோப்பு வீங்கும். தட்டையான நிறத்தில் வரைந்த பொம்மை முகத்துக்கு 20 நிறமே தாராளம்.

எக்ஸ்போர்ட் செய்யும் முன் ஃபில்டர்ஸ் மெனுவில் அனிமேஷன், அதற்குள் பிளேபேக் என்று போய் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லேயர்களோடு, கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும் தனியே சேமித்துவையுங்கள். அதே அனிமேஷன் மெனுவில் உள்ள ஆப்டிமைஸ் கொடுத்துச் சுருக்கிய ஜிஃபைப் பின்னால் திறந்தால் ஒவ்வொரு லேயரிலும் மாறிய துண்டுகள் மட்டுமே இருக்கும். அங்கேயே உள்ள அன்ஆப்டிமைஸ் கொடுத்தால் முழு ஃபிரேம்கள் திரும்பிவிடும். ஆனால் 256-க்குள் அடங்காமல் போன நிறங்கள் திரும்பாது.