திருத்தமும் அவசரமும்

அரசியல் சட்டம் கல்லில் வெட்டிய சாஸனமன்று. காலத்துக்கேற்ப அது திருத்தப்பட வேண்டுவதே. இதை நாம் மறுக்கவில்லை. 1950 ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்துக்கு 2023-ஆம் வருஷம் முடிய 106 திருத்தங்கள் நிறைவேறியிருக்கின்றன. ஆகவே, திருத்தலாமா என்பதன்று கேள்வி. எவ்விதம் திருத்துவது என்பதே கேள்வி.

368-வது ஷரத்து விதித்துள்ள முறை யாவரும் அறியத்தக்கது. பார்லிமெண்டின் இரு சபைகளிலும் தனித்தனியே, மொத்த அங்கத்தினரில் பாதிக்கு மேற்பட்டோரும், ஹாஜராகி வோட்டளிப்போரில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாதோரும் மசோதாவை ஆதரித்தல் வேண்டும். ஜனாதிபதி தேர்தல், ஹைகோர்ட்டுகள், மத்திய சர்க்காருக்கும் ராஜ்யங்களுக்குமுள்ள அதிகாரப் பங்கீடு முதலியவற்றைத் தொடுவதாயின், ராஜ்யச் சட்டசபைகளில் பாதிக்குக் குறையாதவை சம்மதிக்கவும் வேண்டும். ஜனங்களிடம் நேராக வோட்டுக் கேட்கும் விதி இதில் இல்லை.

இம்முறையில் எத்தனை கைகள் உயர வேண்டுமென்று சொல்லப்பட்டிருக்கிறது. எத்தனை நாள் யோசிக்க வேண்டுமென்று சொல்லப்படவில்லை. குறை இதுவே. பேச்சுச் சுதந்திரத்துக்குப் புதிய வரம்புகள் விதித்த முதல் திருத்த மசோதா, 1951 மே 12-ந் தேதி கொண்டுவரப்பட்டு ஜூன் 18-ந் தேதி சட்டமாயிற்று. அதை நிறைவேற்றியது வயது வந்தோர் வோட்டினால் தேர்ந்தெடுக்கப்படாத தற்காலிகப் பார்லிமெண்டு. 42-வது திருத்தம் 1976-இல், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையிலும் பத்திரிகைகள் தணிக்கையிலும் இருந்த காலத்தில் நிறைவேறிற்று. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு இட ஒதுக்கீடு செய்த 103-வது திருத்த மசோதா, 2019 ஜனவரி 8-ந் தேதி லோகசபையில் கொண்டுவரப்பட்டு அன்றே நிறைவேறிற்று. மறுநாள் ராஜ்யசபையும் நிறைவேற்றியது. அதன் நியாய அநியாயத்தை நாம் இங்கு ஆராயவில்லை. நாட்டின் மூலச் சட்டத்தை மாற்ற இரண்டு நாள் போதுமா என்றே கேட்கிறோம்.

சுப்ரீம் கோர்ட்டு இருக்கிறதே என்பர் சிலர். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில், அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பைத் திருத்தத்தினால் அழிக்கலாகாது என்று 13 நீதிபதிகளில் 7 பேர் தீர்ப்பளித்தது மெய்யே. ஆனால் கோர்ட்டு காரியம் முடிந்த பின்னர் விசாரிப்பது. அடிப்படை கெட்டதா என்று அது பார்க்குமேயன்றி, ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கப்பட்டதா என்று பாராது.

ஆபத்துக் காலத்தில் தாமதம் தகாது என்பர் வேறு சிலர். ஆபத்துக்கு அவசரச் சட்டங்கள் உண்டு. நெருக்கடி நிலை ஷரத்துக்களும் உண்டு. வீடு பற்றி எரிகையில் தண்ணீர் இறைப்பதே அறிவுடைமை, அஸ்திவாரத்தைத் தோண்டுவதன்று.

ஆகையால் நமது யோசனை இது: திருத்த மசோதா எதுவும் ராஜ்ய பாஷைகளனைத்திலும் வெளியிடப்பட வேண்டும். வெளியிட்ட நாள் முதல் ஆறு மாதம் கழிந்த பிறகே அது வோட்டுக்கு விடப்பட வேண்டும். இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுவதில்லை. இரு சபைகளும் தத்தம் நடவடிக்கை விதிகளில் சேர்த்துக்கொள்ளலாம். அவ்விதியைப் பின்னொரு நாள் தள்ளிவைக்க முயல்வோர் இருக்கலாம். ஆனால் அப்போது அவர்கள் அவசரத்தின் காரணத்தை ஜனங்களுக்குச் சொல்லியாக வேண்டும். "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்கும் சட்டத்தை அந்த மக்கள் அறியாமலே மாற்றுவது ஜனநாயகமாகாது. தேசபக்தர்கள் இதனைத் தத்தம் பிரதிநிதிகளிடம் வற்புறுத்துவார்களாக.