இரவின் புகைப்படக்காரர்

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தோருள் ஒருவரை இத்திங்கள் நினைவுகூர விழைகிறோம். 1899இல், இன்றைய உக்ரைன் நாட்டுப் பகுதியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த உஷர் ஃபெல்லிக், சிறுவராக நியூயார்க் சேர்ந்து ஆர்தர் ஆனார். வறுமையால் பள்ளியை விடுத்தார். ஆக்மி செய்திப்பட நிறுவனத்தின் இருட்டறையில் பிறர் எடுத்த படங்களைக் கழுவிப் பல்லாண்டு உழைத்தார்.

1935இல் தனித்தொழில் தொடங்கினார். 'வீஜீ' என்ற பெயரில் புகழ் பெற்றார். 1938இல் காவல்துறையின் வானொலிச் செய்திகளைத் தம் காரிலிருந்தே கேட்க இசைவு பெற்று, நள்ளிரவில் தீ விபத்துக்கும் கொலைக்கும் விரைந்தார். அவற்றைப் படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு விற்றார்.

பிறர் துயரை விற்று உண்பது தகுமோ என்று நாம் வினவலாம். ஆனால், 1939இல் வீடொன்று எரிகையில் அவர் எடுத்தது நெருப்பை அன்று. உள்ளே சிக்கிய மகளை எண்ணிக் கதறிய தாயின் முகத்தை. அப்படத்தை எடுக்கையில் தாம் அழுததாக 1945இல் வெளியான தம் நூலில் குறித்தார்.

1968இல் அவர் மறைந்தார். ஏழையரிடையே ஏழையாக வளர்ந்தவர்க்கு, அவர்தம் துயர் வெறுஞ்செய்தியாகத் தோன்றவில்லை என்றே நாம் கருதுகிறோம்.