நாளொன்றுக்குப் பத்து ரூபாய்!

மேலநீலிதநல்லூர் கரிசலில் கூலி வேலை செய்யும் தோழர்களே! சங்கரன்கோவில் தறிக்கூடத்தில் நிற்கும் தோழர்களே! நாளைக்கே உங்கள் கண் போனால் சர்க்கார் என்ன தரும்?

'நமக்கேன் அந்தப் பேச்சு' என்று ஒதுங்க வேண்டாம். கதிரடிக்கையில் தெறிக்கும் சுணை போதும். காட்டு வேலையில் கீறும் முள் போதும். கருவிழி புண்ணாகும், வைத்தியத்துக்கு நாள் தள்ளினால் பார்வையே போகும். பார்வையற்றோர் யாரோ எவரோ அல்ல. நம்மோடு பாடுபட்டவர்களும் அவர்களில் உண்டு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ரயிலிலும் பஸ் ஸ்டாண்டிலும் சாமான் விற்றுப் பிழைத்த பார்வையற்றோரின் வருமானம் ஒரே ராத்திரியில் நின்றது. பிறர் தோளைப் பிடித்து நடப்பவர்களிடம் 'தொடாதே, விலகி நில்' என்றார்கள். கண் முகாம்கள் நின்றன, புரை முற்றியது. மத்திய சர்க்கார் தன் உதவித்தொகைப் பட்டியலில் இருந்தவர்களுக்கு என்ன கூட்டிக் கொடுத்தது? மூன்று மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். அதையும் இரண்டு தவணையில்!

அதற்கு முந்திய வருஷம், 2019 செப்டம்பரில், இதே சர்க்கார் கம்பெனி வரியைக் குறைத்தது. வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று தானே கணக்கும் சொன்னது. கோடீஸ்வரர்களுக்குக் கொடுக்கையில் கை நடுங்கவில்லை!

மத்திய சர்க்காரின் மாத உதவித்தொகை 300 ரூபாய். 2012ல் வைத்த தொகை. கொரோனா வந்து போயிற்று, விலைவாசி ஏறிற்று, 2025 வரை அந்த 300 அசையவில்லை. நாளொன்றுக்குப் பத்து ரூபாய்! அதைப் பெறவும் 80 சதவீத ஊனம் வேண்டுமாம். 2016ம் வருஷச் சட்டமோ 40 சதவீதம் இருந்தாலே ஏற்கிறது. பார்வை குறைந்தவரைச் சட்டம் 'வா' என்று அழைக்கிறது. கஜானா, 'மிச்சப் பார்வையும் போகட்டும், பிறகு வா' என்கிறது!

மாநில சர்க்கார் 2023 ஜனவரியில் ஆயிரத்தை 1,500 ஆக்கியது. உயர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து ஆந்திரம் 2024 ஜூலையில் 3,000 ரூபாயை 6,000 ஆக்கியதே! அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நாம் கேட்பது இதுதான்: 80 சதவீத நிபந்தனை ஒழியட்டும். 300 ரூபாய் உயரட்டும். ஆந்திரத்துக்குக் குறையாத தொகை தமிழகத்திலும் கிடைக்கட்டும். சர்க்கார் வேலையில் பார்வையற்றோருக்கும் பார்வை குறைந்தோருக்கும் சட்டம் ஒதுக்கிய நூற்றுக்கு ஓரிடம் பாக்கியில்லாமல் நிரம்பட்டும். சான்றிதழ் முகாம் ஒன்றியத் தலைமையூரிலேயே நடக்கட்டும்.

தோழர்களே! கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் சங்கத்தில் எழுதுங்கள். ஊர்வலம் புறப்படும்போது பார்வையற்ற தோழரின் கையைப் பிடித்து முன்வரிசையில் நிறுத்துங்கள். இது தர்மக் காசு அல்ல. நம் உழைப்பில் நிரம்பிய கஜானாவில் நம்மவரின் பங்கு!