அவர்களின் சொல்லை யார் மீட்பது?

மே மாதம் வரும்போது முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைவுகூர்கிறோம். அங்கே கடைசிவரை நின்று காயமுற்றோரைக் காக்க முயன்ற வைத்தியர்களை நினைக்கிறோமா?

சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா முதலானோர் அரச வைத்தியர்கள். கொழும்பு அரசின் சம்பளத்தில் பணிபுரிந்தவர்கள். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை 2009 பெப்ரவரியில் எறிகணை வீச்சுக்கு இலக்காகிக் கைவிடப்பட்டபின், புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடமொன்றை வைத்தியசாலையாக்கினர். அதன்பின் முள்ளிவாய்க்கால். மே 12ஆம் திகதி அங்கிருந்த வைத்தியசாலையிலும் எறிகணை வீழ்ந்து பலர் மாண்டனர். மருந்தில்லை, மயக்கமருந்தும் போதவில்லை என்று அவர்கள் தொலைபேசியில் சொன்னதையே உலகம் செய்தியாக்கிற்று. பத்திரிகையாளர் எவரும் சுதந்திரமாக நுழைய முடியாத நிலத்தில் எங்களுக்குக் கண்ணும் காதுமாக இருந்தவர்கள் அவர்களே.

யுத்தம் முடியும் தறுவாயில் வெளியேறியவர்கள் கைதாயினர். ஜூலை 8ஆம் திகதி, தடுப்புக்காவலில் இருந்தவாறே, கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டுத் தாம் சொன்ன எண்ணிக்கைகள் புலிகளின் வற்புறுத்தலால் மிகைப்படுத்தப்பட்டவை என்றனர். அடுத்த மாதம் பிணையில் விடுதலை. பின்னர் சத்தியமூர்த்தி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளரானார். அமெரிக்கா சென்ற வரதராஜா, அன்றைய மறுப்பு நிர்ப்பந்தத்தால் சொன்னது என்றார்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் இணைந்து நாஜிகளுடன் பொருதிய செக் விமானிகள் பலர், தாயகத்தில் 1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் படையிலிருந்து நீக்கப்பட்டனர், சிலர் சிறைப்பட்டனர். ஆற்றிய சேவையே குற்றமாயிற்று. அவர்களுக்குரிய மதிப்பு முழுமையாகத் திரும்பக் கிடைத்தது 1989இல் அவ்வாட்சி வீழ்ந்த பின்னரே. நாற்பதாண்டு காத்திருப்பு அது. பலர் அதற்குள் மாண்டுவிட்டனர்.

நம்மிடம் அத்தகைய மீட்பு இன்னும் நிகழவில்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல், வன்னியின் வைத்தியசாலைகள் அனைத்தும் எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானதாகவும், நாற்பதாயிரம் வரையான பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என்பதை மறுக்க இயலாதெனவும் கூறியது. ஆயினும் காவலில் இருந்தோரின் வாயிலிருந்து வந்த அந்த மறுப்பை, எந்த அரசும் முறைப்படி விலக்கிவைக்கவில்லை.

விலங்கிடப்பட்டவனின் சொல் சாட்சியமாகாது. அன்று அவ்வைத்தியர்களின் குரலை நம்பிச் செய்தி எழுதிய நாங்கள், இதையாவது தயங்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பதக்கம் பிறகு வரட்டும். முதலில் அவர்களது சொல் அவர்களிடமே திரும்பட்டும்.