கூடவே வர வேண்டியவை

ஒரு மாவட்டத்தின் வரைபடத்தை இன்னொரு அலுவலகத்துக்குக் கொடுப்பது ஒரு காலத்தில் எளிய காரியம். தாளைச் சுருட்டிக் கொடுத்தால் போதும். அளவுகோல், குறிகளின் விளக்கம், அச்சான வருடம் எல்லாம் தாளின் ஓரத்திலேயே இருக்கும். கத்தரிக்கோல் இல்லாமல் அவற்றைப் பிரிக்க முடியாது. கம்ப்யூட்டர் வரைபடத்தில் அந்தக் கத்தரிக்கோல் வேலை தானாகவே நடந்துவிடுகிறது. நகல் எடுப்பவருக்கு அது தெரிவதுகூட இல்லை.

அமெரிக்காவின் எஸ்ரி நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ‘ஷேப்ஃபைல்’ இன்றும் பரவலாகப் புழங்குகிறது. பெயர்தான் ஒருமை, ஆள் பன்மை. எஸ்எச்பி என்று முடியும் ஃபைலில் கோடுகளும் எல்லைகளும் இருக்கின்றன. எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை எஸ்எச்எக்ஸ் ஃபைலில். ஊர்ப் பெயர், மக்கள்தொகை போன்ற விவரங்கள் டிபிஎஃப் ஃபைலில். இந்த மூன்றும் கட்டாயம். படம் பூமியில் எந்த அளவை முறைப்படி பொருந்துகிறது என்பதைச் சொல்வது பிஆர்ஜே என்ற நான்காவது ஃபைல். அது கட்டாயமில்லை. வினையே அங்கேதான்.

டிபிஎஃப் விடுபட்டால் பெயரில்லாத கோடுகள்தான் மிஞ்சும். உடனே தெரிந்துவிடும், திரும்பக் கேட்டு வாங்கலாம். பிஆர்ஜே விடுபட்டால் படம் ஒழுங்காகத் திறக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் 1830இல் எவரெஸ்ட் கணித்த பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் கருவி பின்பற்றுவதோ டபிள்யூஜிஎஸ்-84 முறையை. 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கைதான் பொதுமக்களுக்கான வரைபடங்களை இந்தப் புதிய முறைக்கு மாற்றியது. இரண்டையும் பேதம் பார்க்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் டெல்லி, சென்னைப் பகுதிகளில் ஒரே இடம் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து நிற்கும். நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது நூறு மீட்டர் என்பது யாரோ ஒருவரின் வீடு, கிணறு, நாலு தென்னை மரம்.

மொழி சார்ந்த ஒரு கொடுமையும் உண்டு. டிபிஎஃப்பில் ஒரு பத்தியின் தலைப்புக்குப் பத்து பைட்டுகள்தான் இடம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும், புள்ளி உள்பட, மூன்று பைட்டுகள். ‘ஊர்’ என்று தலைப்பு வைக்கலாம், ‘மாவட்டம்’ அடங்காது. உள்ளே இருப்பது எந்த எழுத்து முறை என்று சொல்லும் சிபிஜி ஃபைலும் விடுபட்டால் தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் புரியாத குறிகளாகிவிடும்.

கம்ப்யூட்டர்காரர்கள் இதையெல்லாம் சார்பு என்கிறார்கள். சொல் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் முப்பது எழுத்துக்களைச் சொல்லிவிட்டு, அவற்றைச் சார்ந்தே வரும் மூன்றைத் தனியே வைக்கிறது. குற்றியலுகரத்தை மட்டும் பிடுங்கித் தனியே உச்சரித்துக் காட்டச் சொன்னால் புலவரும் திணறுவார்.

எஸ்ரியே பிறகு உருவாக்கிய ‘ஜியோடேட்டாபேஸ்’ உறவுகளை மறப்பதில்லை. அதில் குடிநீர்க் குழாய்களின் அடுக்கை நகலெடுத்து இன்னொரு ஜியோடேட்டாபேஸில் ஒட்டினால், அதோடு உறவு கொண்ட பழுதுபார்ப்பு அட்டவணையும், 1 என்றால் வார்ப்பிரும்பு, 2 என்றால் பிவிசி என்று விளக்கும் குறியீட்டுப் பட்டியலும் கூடவே வரும். அங்கே அதே பெயரில் ஒரு அடுக்கு ஏற்கெனவே இருந்தால் புதியதன் பெயருக்குப் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். ஒருவரைக் கல்யாணத்துக்கு அழைத்தால் குடும்பமே வந்து இறங்குகிற கதை. ஆனால் கிராம எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது என்பது போன்ற விதிகள் இப்படி வருவதில்லை. அவை வேண்டுமானால் அந்த அடுக்கு இருக்கும் தொகுதியையே முழுதாக எடுக்க வேண்டும்.

அதே குழாய் அடுக்கை ஷேப்ஃபைலாக மாற்றிக் கொடுத்தால் உறவுகள் அறுந்துபோகும். குறியீட்டுப் பட்டியலும் வராது. பத்தியில் 1, 2 என்று எண்கள் மட்டும் நிற்கும். வாங்கிய நகராட்சி எந்தத் தெருவில் பழைய இரும்புக் குழாயைத் தோண்டி மாற்றுவது என்று எப்படித் தீர்மானிக்கும்? பட்டியலைத் தயாரித்த பொறியாளர் அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார்.

மக்கள்தொகைக் கணக்கின் குறியீடுகளுக்கும் இதே கதிதான். 2011 கணக்கில் இமாசலப் பிரதேசத்தின் எண் 02, பஞ்சாபின் எண் 03. யாராவது அந்த அட்டவணையை எக்செல்லில் திறந்து சேமித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் பறந்துவிடும். பிறகு 02க்கும் 2க்கும் முடிச்சுப் போட முடியாது. வரைபடத்தில் அந்த மாநிலம் வெறுமையாகத் தெரியும். தெலங்கானாவில் சிக்கல் வேறு. 2014இல் பத்து மாவட்டங்களோடு பிறந்த மாநிலம் அது; 2016இல் 31, 2019இல் 33 ஆனது. 2011 எண்களைப் புதிய எல்லைகளோடு இணைக்க முயன்றால், எந்த வருடத்து எல்லை என்ற குறிப்பு கூடவே இருந்தாலன்றி எதுவும் பொருந்தாது. அந்தக் குறிப்பை எழுதிவைக்க ஒரு மென்பொருளும் கட்டாயப்படுத்துவதில்லை.

2014இல் ஜியோபேக்கேஜ் என்ற பொது வடிவம் வந்தது. எல்லாம் ஒரே ஃபைலில் அடக்கம் என்பதால் சிதறும் ஆபத்து குறைவு. ஆனாலும் ஒரு வழக்கம் மாறவில்லை. அடுக்குகளுக்கு நிறம் தீட்டி அடுக்கிவைத்த ‘திட்ட ஃபைலை’ மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். அதில் தரவு இல்லை, தரவு இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கிறது. பெறுபவர் திறந்தால் ஆர்க்மேப்பில் ஒவ்வொரு அடுக்கின் பக்கத்திலும் சிவப்பு ஆச்சரியக்குறி. கியூஜிஐஎஸ்ஸில் அடுக்கைக் காணோம் என்ற அறிவிப்பு.

அனுப்பியவரின் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகவே இருக்கும். மூலம் அங்கேயே இருப்பதால் நகலின் குறை அங்கே தெரியாது. அதனால் நகலைப் பென்டிரைவில் போட்டு, மூலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.