டெல்லியில் கோப்பு கிடக்கிறது, ஒத்தக்கடையில் வழக்கு கிடக்கிறது

2004 ஜூலை 24 அன்று மதுரை ஆனைமலைக்குப் பக்கத்தில், ஒத்தக்கடையில், சென்னை உயர் நீதிமன்றக் கிளை திறந்தபோது, இனிச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம் என்று தென்மாவட்டத்துக்காரர்கள் மகிழ்ந்தார்கள். ரயில் செலவு மிச்சமானது உண்மைதான். வாய்தா குறையவில்லை. பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் வழக்குப் போட்டவர்கள் இன்னும் ஒத்தக்கடையில் பஸ் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வாய்தா குறையாததற்கு ஒரு காரணம் நிரம்பாத நீதிபதி நாற்காலிகள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதி இடங்கள் 75. மதுரைக் கிளைக்கும் அதிலிருந்துதான் ஆள் வர வேண்டும். ஓர் இடத்தை நிரப்ப எத்தனை இழுபறி! வழக்கறிஞர் ஜான் சத்யன் பெயரை, நீதிபதிகளைத் தேர்ந்து பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான உச்ச நீதிமன்றக் கொலீஜியம் 2022 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்தார் என்று உளவுத்துறை குறிப்பு எழுதியது. அதெல்லாம் தகுதிக் குறைவு ஆகாது என்று 2023 ஜனவரியில் கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தியது. அப்படி வலியுறுத்தினால் அரசு ஏற்றாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1993 தீர்ப்பு. ஆனாலும் ஆணை வரவில்லை. பின்னால் வந்த பெயர்கள் முந்திக்கொள்வதாக அந்த மார்ச்சில் கொலீஜியமே வருத்தப்பட்டது.

கொலீஜியமும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறது. மதுரைக் கிளையில் வாதாடிய வழக்கறிஞர் விக்டோரியா கௌரியை நீதிபதியாக நியமித்ததை எதிர்த்த மனுவை, 2023 பிப்ரவரி 7 அன்று அவர் பதவியேற்ற அதே காலையில்தான் உச்ச நீதிமன்றம் கேட்டுத் தள்ளுபடி செய்தது. ஆட்சேபத்தை முன்கூட்டியே சொல்ல மக்களுக்கு ஓர் இடம் இல்லை.

அமெரிக்க செனட் 2016-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்டை விசாரணைக்கே அழைக்காமல் மாதக்கணக்கில் முடக்கியது. அநியாயம்தான், ஆனால் முடக்கியவர் யார் என்று ஊருக்கே தெரியும். இங்கே யாரும் ‘மாட்டேன்’ என்று சொல்வதில்லை. கோப்பு கிடக்கும், அவ்வளவுதான். நீதிபதிகள் நியமன ஆணையம் அமைத்து நாடாளுமன்றம் 2014-ல் இயற்றிய சட்டத்தை, அரசின் கை ஓங்கிவிடும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் கோப்பை முடக்கும் கை அதனால் கட்டுப்படவில்லை.

புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மீண்டும் வலியுறுத்திய பெயருக்கு மூன்று, நான்கு வாரத்தில் ஆணை பிறப்பிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலிலேயே கெடு விதித்திருக்கிறது. அதை நியமன நடைமுறைக் குறிப்பிலேயே எழுதிச் சேர்க்க வேண்டும். கெடு தாண்டினால் மத்திய சட்ட அமைச்சகம் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் எம்.பி.க்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்கட்டும்: எந்தப் பெயர், எந்த மேஜையில், எத்தனை நாளாக?