இல்லத்துக்கு ஓர் உதவி: பழுது எங்கே?

ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைத் திரையில் கண்டு பேசுவது, வெளிமாநிலத்தில் வாழும் நமக்குப் பெரும் ஆறுதலாகும். அவ்விணைப்பு தடைப்பட்டால் உடனே நிறுவனத்தின்மீது பழி சுமத்துகிறோம். பழுது எப்பகுதியில் உள்ளதென முதலில் பிரித்தறிதல் வேண்டும்.

ரூட்டரையும் ஒரு கணினியையும் கம்பியால் இணைத்துப் பார்ப்போம். அதுவும் இயங்காவிடில், ஒளியிழைப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்னும் விளக்கை நோக்குவோம். அது சிவப்பாய் எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை. நிறுவனத்துக்கு அறிவிப்பதே வழி.

கம்பியில் நன்கு இயங்கி, வைஃபை மட்டும் தளர்ந்தால், குறை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே உளது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது. ஆயினும் சுவர்களைக் கடக்கையில் மெலியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு அதற்கு இடையூறு செய்யும். ஆதலின் ரூட்டரை இரும்பு அலமாரியில் பூட்டாது, வீட்டின் நடுவே சற்று உயரத்தில் வைப்போமாக.